அம்மாவையும் ட்ரோனையும் கப்பல் ஏற்றினேன்

உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி, நீச்சல் உடை, சீட்டுக்கட்டு என்று எடுத்துப்போவார்களாம். நான் எடுத்துப்போனது கல்யாண வீடியோ எடுக்கிற என் ட்ரோனை. கூடவே என் அம்மா. இரண்டுமே அந்தக் கப்பலுக்குச் சரிப்பட்டு வராதவை என்பது ஏறும் இடத்திலேயே தெரிந்துவிட்டது.

மதுரை பழங்காநத்தத்தில் எனக்கொரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, தை மாதம் பிறந்தால் ஜல்லிக்கட்டு என்று பிழைப்பு ஓடுகிறது. என் தம்பி கேட்டரிங் படித்துவிட்டு ஒரு கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனான். போன ஆவணியில், மலேசியத் தீவு ஒன்றிலிருந்து கிளம்பிய அவன் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் அதில் இல்லை. கடலில் விழுந்திருக்க வேண்டும் என்றார்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள். தேடினோம், கிடைக்கவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

அம்மா அதை நம்பவில்லை. அவள் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்டி எங்களைப் படிக்கவைத்தது எல்லாம் அலங்காநல்லூர் பக்கம். அவளுக்குத் தண்ணீர் என்றால் கிணறும் கண்மாயும்தான். கிணற்றில் விழுந்தவன் மூன்றாம் நாள் மிதப்பான். கண்மாயில் விழுந்தவன் எதிர்க்கரையில் ஒதுங்குவான். தம்பி மிதக்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. ஆகவே அவன் சாகவில்லை, எங்கோ கரையேறி வழி தெரியாமல் நிற்கிறான். காரியத்தை முடித்துவிடலாம் என்று பேச்செடுத்த பெரியப்பாவை அவள் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளுந்தண்ணியும் இறைக்கச் சொல்கிறீர்களா என்று வாசலில் வைத்தே கேட்டு அனுப்பிவிட்டாள்.

அவனுக்கும் சேர்த்துத்தான் தினமும் உலை வைத்தாள். மிஞ்சியதை மறுநாள் அவளே சாப்பிட்டாள், அல்லது சாப்பிட்டதாகச் சொன்னாள். ஆள் பாதியாகிவிட்டாள். என் மனைவி மருமகளாக இருந்து பார்த்தாள், மகளாக இருந்தும் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

ட்ரோன் மேல் அம்மாவுக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் ஒரு மாடு. இரண்டு பொங்கலுக்கு முன்னால் மாமாவின் காளை வாடிவாசலைத் தாண்டி ஓடியது, வீடு வந்து சேரவில்லை. சொந்தபந்தமெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு கரும்புத் தோட்டம் கரும்புத் தோட்டமாகத் தேடியது. நான் ட்ரோனை ஏற்றினேன். கண்மாய்க்குள் கருவேலங்காட்டு நடுவில், எதுவுமே நடக்காதது போல அது அசைபோட்டுக்கொண்டு நின்றது. மாமா அன்றைக்கு மாட்டுக்குத் திருநீறு பூசிய கையோடு ட்ரோனுக்கும் பூசிவிட்டார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"மாட்டக் கண்டுபிடிச்ச மிஷினுக்கு மனுசனக் கண்டுபிடிக்கத் தெரியாதா?" என்றாள் ஒருநாள். "அவன் போன கப்பல் வழியிலயே போவோம். நானும் வாரேன். மேல இருந்து பாத்தாலும் எம்புள்ள நடைய எனக்கு அடையாளம் தெரியும்."

நான் சரி என்றேன். தேடுவதற்காக இல்லை. அந்தக் கடலை ஒரு தடவை மேலேயிருந்து அவளுக்குக் காட்டிவிட வேண்டும். எதிர்க்கரை என்று ஒன்று அங்கே கிடையாது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், அவள் அந்தக் கணக்கை விட்டுவிடுவாள், காரியம் செய்ய விடுவாள், ஒழுங்காகச் சாப்பிடுவாள். இதுதான் என் திட்டம். எல்லாம் தெரிந்தவன் மாதிரி கிளம்பினேன்.

அதே வழியில் போகிற கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியது. துறைமுகத்தில் எங்கள் பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது, வெளியே வரவில்லை. கப்பலின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். பிலிப்பைன்ஸ்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். ட்ரோனை எடுத்தார். அதன் இறக்கைக்கு அடியில் அம்மா செருகி வைத்திருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொடி. குலசாமி கோயில் திருநீறு என்பதை ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் நெற்றியில் பூசிக் காட்டினேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார்.

ட்ரோனைக் கப்பலுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். அவர்களே பத்திரமாக வைத்திருப்பார்கள், நடுவில் கரையில் இறங்கும்போது வேண்டுமானால் வாங்கிப் போகலாம், ஏறும்போது திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஓடும் கப்பலிலிருந்து பறக்க விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி குனிந்து அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னாள். என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். இந்த மிஷின் இல்லாவிட்டால் மகனைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறார் என்று நானும் யோசிக்காமல் மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டார். பையனுக்கு என்ன வயது, என்ன நிறச் சட்டை போட்டிருந்தான், கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். என்ன கேட்கிறார் என்றாள் அம்மா. சொன்னேன்.

"வெள்ளச் சட்டைன்னு சொல்லு," என்றாள் அம்மா. "கிச்சன்ல போடுற வெள்ளச் சட்டை."

அந்த இடத்தில் வைத்து, தெரியாத ஒருத்தரிடம், என் தம்பி செத்துப்போனதை நான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அம்மாவுக்குப் புரியவில்லை. அதிகாரி வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தார். ட்ரோனுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார். திருநீற்றுப் பொட்டலத்தை மட்டும் அம்மா கையில் திருப்பிக் கொடுத்து, கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கப்பலே இல்லை. நான்கு கல்யாண மண்டபங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீரில் விட்டிருந்தார்கள். எந்த மாடியில் இறங்கினாலும் ஒரே மாதிரி கார்ப்பெட், ஒரே மாதிரி கதவு. எங்கள் அறையைத் தேடி நாங்கள் லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய் வந்ததில், லிஃப்டுக்குள் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எங்களுக்கு வணக்கம் வைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாடு கொட்டிக் கிடந்தது. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணத்தில்கூட இவ்வளவு வகை பார்த்ததில்லை, வீடியோ எடுக்கப் போகிறவன் சொல்கிறேன். இட்லி என்று பெயர் எழுதி எதையோ வைத்திருந்தார்கள். நம்மூரில் அதைச் சுவரில் எறிந்தால் பூச்சு பெயரும். பக்கத்து மேஜையில் ஒருவர், போன தடவை போன கப்பலில் ஐஸ்கிரீம் இதைவிட நன்றாக இருந்தது என்று மனைவியிடம் இந்தியில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா தட்டைத் தொடவில்லை. மேஜைகளில் எச்சில் தட்டு எடுத்த பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவன் பக்கத்தில் வரும்போதும் கழுத்தை நீட்டி முகத்தைப் பார்த்தாள். ஒருவன் அவள் தட்டையும் எடுக்கட்டுமா என்று கேட்டான். எடுத்தபின், தம்பியும் இதைத்தான் செய்தானா என்று என்னிடம் கேட்டாள். முதலில் இதுதான், அப்புறம் காய் நறுக்குவதற்கு மாற்றினார்கள் என்றேன். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தவனில்லையே என்றாள்.

மறுநாள் முழுக்கக் கடல்தான். சுற்றிலும் ஒன்றுமில்லை. நான் உள்ளுக்குள் கொஞ்சம் தைரியமாக இருந்தேன். ட்ரோன் போனால் போகிறது, இந்தக் கடலே அவளுக்குச் சொல்லிவிடும் என்று நினைத்தேன். மேல்தளத்தில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். அம்மா அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். வெயில் ஏறியதும் போய் நின்று, பார்த்தாயா அம்மா, எந்தப் பக்கமும் கரை இல்லை என்றேன்.

"இது பஸ்ஸு மாதிரி ஒரே ரோட்டுல போகுது," என்றாள். "மதுரைக்குப் போற பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு நம்ம ஊரு கண்மாயி தெரியலன்னா கண்மாயி இல்லன்னு ஆயிருமா? பக்கவாட்டுல எங்கனயாச்சும் கரை இருக்கும்டா."

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் மேல் வருகிற கோபமா, இப்படிப்பட்ட அம்மாவை விட்டுவிட்டுப் போனவன் மேல் வருகிற கோபமா என்று தெரியவில்லை. போய் ஒரு நாற்காலியில் படுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் கப்பல் தீவில் நின்றது. தம்பி கடைசியாகக் கரையில் கால் வைத்தது இங்கேதான். டோக்கனைக் கொடுத்து ட்ரோனை வாங்கினேன். சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று அதே அதிகாரி சொல்லி அனுப்பினார். வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் கணேசன், முப்பாட்டன் காலத்திலேயே அங்கு போன தமிழர். அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் தமிழில் கூப்பிட்டார். அவர் கொள்ளுத்தாத்தா மதுரைப் பக்கமா சேலம் பக்கமா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லையாம்.

ஆள் இல்லாத கடற்கரை வேண்டும், தம்பியின் கப்பல் போன வடக்குத் திசையைப் பார்த்து இருக்க வேண்டும் என்றேன். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு வண்டிகள் நகரவே இல்லை. எங்கள் மதுரைச் சிம்மக்கல்லில் சரக்கு லாரி குறுக்கே நின்றால் ஆளாளுக்கு இறங்கிக் கத்தி வழி பண்ணுவார்கள். இங்கே ஒருத்தரும் ஹாரன்கூட அடிக்கவில்லை, எனக்கு அதுவே தாங்கவில்லை. நடுவில் ஒரு கடையில் நிறுத்திப் புரோட்டா மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தார் கணேசன். அம்மா அதில் பாதி சாப்பிட்டாள். சந்தோஷத்தில் எனக்கு மேற்கொண்டு இறங்கவில்லை.

பெட்டியில் இருப்பது ட்ரோன் என்று தெரிந்ததும் கணேசன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். இங்கே அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது, எதற்காக என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மாட்டையும் சேர்த்துச் சொன்னாள். அவர் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார்.

"கொஞ்ச நேரந்தான் அண்ணே," என்றார் என்னிடம். "யாராச்சும் வந்தா நான் பேசிக்கிறேன்."

மழை விட்டிருந்தது. கடற்கரையில் இரண்டு படகுகள் கவிழ்த்துக் கிடந்தன, வேறு யாருமில்லை. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. அப்படி வீசினால் ட்ரோனைப் போகும்போது தள்ளிவிடும், வரும்போது முட்டி நிறுத்தும். பேட்டரி இரண்டு மடங்கு தின்னும். காற்றைப் பார்க்காமல் நான் எந்தக் கல்யாணத்திலும் ட்ரோனை ஏற்றியதில்லை. அன்றைக்கும் பார்த்தேன், ஏற்றினேன்.

அம்மா என் தோளோடு ஒட்டி நின்று ரிமோட்டின் திரையைப் பார்த்தாள். முதலில் மணல் தெரிந்தது, நாங்கள் மூன்று பேரும் புள்ளியாகத் தெரிந்தோம். அப்புறம் அலை நுரை. அப்புறம் நுரையும் போய்விட்டது. கேமராவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். பின்னால் தீவு. மற்ற மூன்று பக்கமும் தண்ணீர் போய் வானத்தோடு ஒட்டியது. இன்னும் மேலே ஏற்றினேன். அப்போதும் அதேதான்.

"எம்புட்டு ஒசரம் போனாலும் இம்புட்டுத்தானா?" என்றாள்.

"இம்புட்டுத்தாம்மா."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் எதற்காக வந்தேனோ அது முடிந்துவிட்டது. என் திட்டம் பலித்துவிட்டது. அந்த நிமிஷமே திருப்பியிருக்க வேண்டும்.

திரையின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதன் பக்கம் போனேன். நுரை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, வலையில் கட்டுகிற மிதவை. அதையும் தாண்டி வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பேட்டரி குறைகிறது, தானாகத் திரும்பட்டுமா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். ஆவணியில் போனவனை மாசியில் வெள்ளைச் சட்டையோடு தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கை போய்க்கொண்டே இருந்தது. தோட்டம் தோட்டமாகத் தேடுவது போல வரி வரியாகப் போய் வந்தேன். ரிமோட் விடாமல் கத்த ஆரம்பித்தது. மறுபடியும் கேட்டது, மறுபடியும் வேண்டாம் என்றேன்.

"போதும்ப்பா, திருப்பு," என்றாள் அம்மா.

"இன்னுங் கொஞ்சம்மா. அந்தா அங்கன ஒண்ணு தெரியுது."

"அங்க ஒண்ணுமில்லய்யா." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதையாச்சும் திருப்பிக் கூட்டிட்டு வா."

திருப்பினேன். காற்று அதை விடவில்லை. தீவு திரையில் சின்னதாகத் தெரிந்தது, பெரிதாகவே இல்லை. பிறகு தண்ணீர் மேலே ஏறி வந்தது. ஒவ்வொரு அலையும் தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது.

நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். தம்பி போன சேதி வந்தபோது அழவில்லை, ஆக வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சாமான் பெட்டி ஊருக்கு வந்தபோதும் அழவில்லை. கணேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். அம்மா என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஏந்திரிய்யா," என்றாள். "கப்பல் போயிரும்."

ஏறும் இடத்தில் அதே அதிகாரி ட்ரோனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். பையைத் திறந்து காட்டினேன். பையையும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

கப்பல் அன்று சாயங்காலம் தம்பி விழுந்த கடலுக்குள் போனது. அம்மா மேல்தளத்துக்கு வரவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, வெறும் சோறும் தயிரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். நான்தான் வெளியே அவள் நின்ற அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கவாட்டில் எங்கேயாவது ஒரு கரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். மிச்சமிருந்த நாட்களில் அந்தக் கப்பலில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மதுரைக்கு வந்து இறங்கியதும், பெரியப்பாவுக்கு அம்மாவே போன் பண்ணி நாள் பார்க்கச் சொன்னாள். எள், பச்சரிசி, வாழைக்காய் எல்லாம் அவளே போய் வாங்கினாள். வேண்டாம், அவசரப்படாதே, கோடை போகட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முன்பு அவள் பெரியப்பாவைப் பார்த்த மாதிரியே நான் அவரைப் பார்த்தேன் என்று என் மனைவி சொல்கிறாள்.

வைகைக் கரையில் காரியம். ஆற்றில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஓர் உருவம் கட்டி, அதைத்தான் எரிப்பார்கள். காரியம் செய்துவைக்க வந்த ஐயர் அதை மடமடவென்று கட்டி முடித்து, ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தி என் முன்னால் கிடத்தினார். என் விரலில் தர்ப்பை மோதிரத்தை மாட்டினார். இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

நான் சொல்லவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் கேட்டார். பெரியப்பா பின்னாலிருந்து முதுகில் தட்டினார். சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

பெண்கள் மேலே தள்ளி நின்றிருந்தார்கள். அம்மா மட்டும் இறங்கி வந்தாள். பெண்கள் இங்கே வரக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"பாண்டியராசன்," என்றாள் ஐயரிடம். "நான் வச்ச பேரு. நானே சொல்லுறேன்."